இங்கிலாந்துக் குலச்சின்னம், சீனத்துத் தட்டு: ஆர்டர் கொடுத்தது யார், செய்தது யார்?

கேள்வி இது: லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் சாப்பாட்டுத் தட்டு ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். நடுவில் ஆங்கிலேயக் குடும்பம் ஒன்றின் குலச்சின்னம், கீழே குறிப்புச் சீட்டில் 'சீனா, சுமார் 1740'. சீனாவில் இருந்த ஓவியருக்கு அந்தச் சின்னம் எப்படித் தெரிந்தது, ஒரு தட்டு வந்து சேர எவ்வளவு காலம் ஆகும், இவ்வளவு பெரிய வியாபாரம் ஏன் நின்று போனது, பழைய சாமான் கடையில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்தால் அசல் என்று எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, கதையாகச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட்டிருப்பதால் இதைச் 'சீனக் கலை' என்று நினைத்துப் பார்க்கத் தோன்றும். அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் பாதி விஷயம் புரியாது. இது ஆர்டர் பிசினஸ். வாங்குகிறவன் மாதிரி கொடுப்பான், செய்கிறவன் அப்படியே செய்து கொடுப்பான். செய்தவர் தன் வீட்டில் அதை வைத்துச் சாப்பிட மாட்டார். நம் வீடுகளில் கல்யாணத்துக்கு வாங்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டித் தருகிறார்களே, அந்த மாதிரிதான். வெட்டுகிறவருக்கு அந்தப் பேர் யாருடையது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

இந்தப் பேர் வெட்டும் வேலை போர்த்துகீசியரிடமிருந்து தொடங்குகிறது. அவர்கள் 1513-இல் சீனக் கடற்கரையை எட்டினார்கள், 1557-இல் சீனாவின் தென்கரையில் உள்ள மக்காவ் (Macau) என்ற இடத்தில் நிரந்தரமாகக் குடியேறினார்கள். இந்த இரண்டு வருஷங்களுக்கும் நடுவிலேயே, சட்டப்படி வியாபாரம் செய்ய அனுமதி இல்லாத காலத்திலேயே, ஆர்டர் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மனுவேல் அரசரின் சின்னமான வளையக் கோளம் வரைந்த நீல வெள்ளைக் கூஜாக்கள் அப்படி வந்தவைதான். 1541 என்று ஆண்டு போட்டு, மலாக்காவின் தலைவராக இருந்த பெரோ டி ஃபாரியாவின் பெயர் எழுதிய கிண்ணம் ஒன்று போர்ச்சுகலில் பேஜா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1552-ஆம் ஆண்டு சீசாக்கள். ஜோர்ஜ் ஆல்வாரெஸ் என்ற வியாபாரி செய்யச் சொன்னவை. வயிறு உருண்ட, கழுத்து நீண்ட சீசா. உடம்பு முழுக்க வழக்கமான சீன அலங்காரம், தோளைச் சுற்றி 'இதைச் செய்யச் சொன்னவர் ஜோர்ஜ் ஆல்வாரெஸ்' என்று போர்த்துகீசிய மொழியில் எழுத்து. எழுத்து முழுவதும் தலைகீழ். அழகாகச் சுற்றி வந்திருக்கிறது, ஆனால் படிக்க வேண்டுமானால் சீசாவைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். எழுதியவர் கையில் ஒரு காகிதச் சீட்டு இருந்திருக்கும். அதில் எது மேல் எது கீழ் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நமக்கு எழுத்து, அவருக்கு அது இன்னொரு கொடி அலங்காரம். உங்கள் முதல் கேள்விக்கான பதில் இந்த ஒரு சீசாவிலேயே இருக்கிறது: ஓவியருக்குச் சின்னம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

சரி, மாதிரி ஏதும் இல்லாமல் மொத்தமாகப் போன சரக்கும் உண்டு. அதுதான் அளவில் மிக அதிகம். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 17-இன் தொடக்கத்திலும் 'கிராக்' என்று பெயர் பெற்ற மெல்லிய நீல வெள்ளைத் தட்டுகள் ஐரோப்பாவுக்கும் மேற்காசியாவுக்கும் கப்பல் கப்பலாகப் போயின. விளிம்பைச் சுற்றிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பூவோ மங்கலச் சின்னமோ, நடுவில் ஒரு மானோ பறவையோ இருக்கும். வேகமாகப் போட்ட கோடுகள். விளிம்பில் மெருகுப் பூச்சு சில இடங்களில் உதிர்ந்திருக்கும், அடி வளையத்தில் சூளை மணல் ஒட்டியிருக்கும். அரண்மனைக்குச் செய்த தரம் இல்லை. ஐரோப்பாவுக்கு அதுவே அதிசயமாக இருந்தது, ஏனென்றால் அந்த வெள்ளையும், தட்டினால் வரும் அந்தக் கணீர் ஓசையும் அங்கே யாருக்கும் செய்ய வரவில்லை.

டச்சுக்காரர்களுக்கு இந்தச் சரக்கின் மதிப்பு புரிந்தது கொள்ளையடித்தபோதுதான். 1603-இல் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் 'சாந்தா கத்தரினா' என்ற போர்த்துகீசியக் கப்பலை ஹேம்ஸ்கெர்க் என்ற டச்சுத் தளபதி பிடித்தார். பட்டு, சர்க்கரை இவற்றோடு சுமார் ஒரு லட்சம் பீங்கான் சாமான்கள் அதில் இருந்தன. மறு வருஷம் ஆம்ஸ்டர்டாமில் ஏலம். பிரான்ஸ் அரசரும் இங்கிலாந்து அரசரும் வாங்கினார்கள். (இந்தக் கொள்ளை சட்டப்படி சரிதானா என்று கேள்வி எழுந்தபோது, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வாதாடி எழுதியவர் ஹ்யூகோ குரோஷியஸ் என்ற சட்ட அறிஞர். 'கடல் யாருக்கும் சொந்தமில்லை' என்று இன்று சர்வதேசச் சட்டம் பேசுகிறதே, அதன் வேர்களில் ஒன்று இந்த வழக்கில் இருக்கிறது.) அதன் பிறகு டச்சுக் கம்பெனி பீங்கானை விடவே இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்விட்டது.

1635-இல் ஒரு திருப்பம் வந்தது. அப்போது டச்சுக்காரர்களின் தளம் தைவானில் இருந்தது. அங்கிருந்து சீன வியாபாரிகளிடம் மரத்தில் கடைந்த மாதிரிகளைக் கொடுத்தார்கள்: மெழுகுவத்தித் தண்டு, கடுகுச் சாந்துக் கிண்ணம், உப்புக் கிண்ணம், பெரிய தட்டு, குவளை. சீனர் சாப்பாட்டுப் பழக்கத்தில் இந்த உருவங்களில் பல கிடையாது. ஐரோப்பியச் சாப்பாட்டு மேசை எப்படி இருக்கும் என்று பார்த்திராத குயவருக்கு ஓவியம் காட்டினால் கனமும் ஆழமும் விளங்காது, மரத்தில் செய்ததைக் கையில் கொடுத்தால் விளங்கும். பின்னாளில் வெள்ளிப் பாத்திரம், கண்ணாடிப் பாத்திரம், தகரப் பாத்திரம் எல்லாம் மாதிரிகளாகப் போயின. பீர் குவளை, கைப்பிடி வைத்த கோப்பை, குழம்புக் கிண்ணம், மூடி போட்ட சூப் பாத்திரம், கழுத்தில் பொருந்தும்படி ஒரு பக்கம் பிறை மாதிரி வெட்டிய சவரக் கிண்ணம் என்று சீனச் சூளையிலிருந்து சீனர்களுக்குத் துளியும் தேவையில்லாத சாமான்கள் வரத் தொடங்கியது இப்படித்தான்.

இப்போது தயாரிப்பு. ஊர் ஜிங்டேஜென், ஜியாங்ஷி மாகாணத்தில் இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போன நல்ல பீங்கானில் பெரும்பங்கு இந்த ஓர் ஊர்தான். இரண்டு பொருள் சேர வேண்டும். ஒன்று காவோலின் என்கிற வெள்ளைக் களிமண், பக்கத்து காவோலிங் குன்றின் பெயரால் உலகமே அதை அழைக்கிறது. இன்னொன்று பீங்கான் கல், இடித்துப் பொடித்துச் சலித்துச் செங்கல் மாதிரி கட்டியாக விற்பார்கள். களிமண் உருவத்தைத் தாங்கும், கல் உருகிக் கண்ணாடித் தன்மை கொடுக்கும். கிட்டத்தட்ட 1,300 டிகிரி வெப்பம் வேண்டும். நீலம் என்பது கோபால்ட், அதைச் சுடுவதற்கு முன்பே பச்சைப் பாத்திரத்தின் மேல் வரைந்து, மேலே மெருகு பூசி, ஒரே சூட்டில் முடித்துவிடுவார்கள். சிவப்பு, பச்சை, ரோஜா, தங்கம் என்றால் கதை வேறு. ஒருமுறை சுட்டு வெள்ளையாக எடுத்த தட்டின் மேல் வண்ணம் தீட்டி, குறைந்த சூட்டில் இன்னொரு முறை சுட வேண்டும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், குலச்சின்னத் தட்டின் கதையே இதில்தான் இருக்கிறது.

ஜிங்டேஜென்னுக்குள் வேலை எப்படி நடந்தது என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம் ஒரு பாதிரியார். தான்த்ரகோல் என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி 1712-இலும் 1722-இலும் எழுதிய இரண்டு நீண்ட கடிதங்கள். மதம் பரப்பப் போனவர், மண்ணையும் சூளையையும் பற்றி எழுதிய அளவுக்கு வேறு யாரும் எழுதவில்லை. (தொழில் உளவு என்று இன்று சொல்லலாம். அவர் ஞானஸ்நானம் கொடுத்தவர்களில் சூளைத் தொழிலாளர்களும் இருந்தார்கள், தகவலில் பாதி அவர்களிடமிருந்து வந்தது.) ஒரு பாத்திரம் முடிவதற்குள் எழுபது பேர் கை மாறுகிறது என்கிறார். விளிம்பில் வட்டக் கோடு போடுகிறவர் அதை மட்டும்தான் போடுவார். பூவின் வெளிக்கோடு ஒருவர், உள்ளே வண்ணம் இன்னொருவர். மலையும் தண்ணீரும் ஒருவர், பறவையும் மிருகமும் மற்றொருவர். ஃபோர்டு கார் தொழிற்சாலைக்கு இருநூறு வருஷம் முன்னாலேயே இந்தப் பிரிப்பு நடந்துவிட்டது.

அதே கடிதத்தில் விலை பற்றி அவர் எழுதியிருப்பதை நான் பலருக்கும் எடுத்துச் சொல்வதுண்டு. ஐரோப்பியர் கேட்கும் உருவங்கள் புதுசு, செய்யக் கடினம், சூளையில் நிறைய வீணாகும். சின்னக் குறை இருந்தாலும் ஐரோப்பிய வியாபாரி வேண்டாம் என்று தள்ளிவிடுவார். தள்ளியதை உள்ளூரில் விற்கலாமே என்றால் அதுவும் முடியாது, சீனர் ரசனைக்கு அது ஒத்து வராது. ஆகவே தேறிய தட்டின் விலையில் தேறாத தட்டின் நஷ்டமும் ஏறிவிடும். ஏற்றுமதிக்கு என்று தனியாகத் தைத்த சட்டையில் ஒரு தையல் பிசகினால் திருப்பூரில் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் தட்டுக்கு வருவோம்.

1757-க்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்கள் கான்டன் (இன்றைய குவாங்சோ) துறைமுகத்தில் மட்டும்தான் வியாபாரம் செய்யலாம் என்று சீன அரசு உத்தரவு போட்டது. அதற்கு முன்பும் நடைமுறையில் கான்டன்தான். இங்கிலாந்திலிருந்து குளிர்காலத்தில் புறப்படும் கப்பல் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து ஜூலை முதல் செப்டம்பருக்குள் அங்கே சேரும். வடகிழக்குக் காற்று வந்ததும் திரும்பும். நடுவில் உள்ள சில மாதங்கள்தான் வியாபார நாட்கள். கம்பெனி மொத்தமாக வாங்கும் பீங்கான் வேறு, குலச்சின்னத் தட்டு வேறு. இரண்டாவது பெரும்பாலும் தனியார் கணக்கு. கப்பல் கேப்டனுக்கும், சரக்குப் பொறுப்பாளருக்கும் தங்கள் சொந்த வியாபாரத்துக்குக் கப்பலில் கொஞ்சம் இடம் உண்டு. அவர்களிடம் சின்னத்தை வரைந்து கொடுப்பார்கள். சிலர் ஓவியம் தருவார்கள், சிலர் புத்தகத்தில் ஒட்டும் பெயர்ச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார்கள்.

ஆரம்பத்தில் அந்தக் காகிதம் கான்டனிலிருந்து ஜிங்டேஜென் வரை போக வேண்டும். வழி லேசுப்பட்டதல்ல. வட ஆற்றில் படகில் ஏறி, மெய்லிங் கணவாயில் இறங்கி, மலையைக் கூலியாட்களோடு கடந்து, மறுபக்கம் கான் ஆற்றில் மறுபடியும் படகு, போயாங் ஏரியைக் கடந்து, சாங் ஆற்றில் ஏறி ஊர் சேர வேண்டும். தட்டுகள் அதே வழியில் திரும்பி வரும், கணவாயில் மனிதத் தோளில் ஏறி. ஆக ஒரு பருவத்தில் ஆர்டர் கொடுத்தால் அடுத்த பருவத்தில்தான் சரக்கு கான்டனில் கிடைக்கும். லண்டனில் காகிதம் கொடுத்த நாளிலிருந்து தட்டு மேசைக்கு வர இரண்டு, மூன்று வருஷம் ஆகும். கல்யாணத்துக்காக ஆர்டர் கொடுத்தவர்கள் முதல் பிள்ளை பிறந்த பிறகு தட்டைப் பார்த்திருப்பார்கள்.

1730, 40-களில் இதற்கு ஒரு குறுக்கு வழி வந்தது. ஜிங்டேஜென்னிலிருந்து வெள்ளைத் தட்டுகளாகவோ, விளிம்பில் நீல அலங்காரம் மட்டும் போட்டதாகவோ கான்டனுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்வது. சின்னத்தை மேல் வண்ணமாகக் கான்டனிலேயே தீட்டிச் சின்னச் சூளையில் சுட்டுவிடலாம். அதே பருவத்தில் சரக்கு கையில். இந்தப் பட்டறைகள் ஆற்றுக்கு அக்கரையில் ஹோனாம் தீவில் இருந்தன. 1769-இல் அங்கே போய்ப் பார்த்த வில்லியம் ஹிக்கி என்ற இளைஞர், ஒரு நீண்ட கூடத்தில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்ததாகவும், மிகவும் வயதானவர்களும் ஆறேழு வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். இந்த ஹிக்கி கிளம்பியது சென்னைக்கு, கம்பெனிப் படையில் சேர. வந்து பார்த்தார், சம்பளம் பிடிக்கவில்லை, வந்த கப்பலிலேயே ஏறிச் சீனாவுக்குப் போய்விட்டார். சென்னைக்கு இந்தக் கதையில் இன்னொரு தொடர்பும் உண்டு. ஆங்கிலேயருக்காகச் செய்த குலச்சின்னப் பீங்கான்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று, 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட்டின் சின்னம் போட்டது. கப்பலுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் முதலில் வாய்த்தது.

அதன் பிறகு இது ஒரு மோகமாகவே பரவியது. பிரிட்டிஷ் குடும்பங்களுக்கு மட்டும் சுமார் 4,000 செட்டுகள் செய்யப்பட்டதாகக் கணக்கு. ஸ்டஃபோர்ட்ஷயரில் லீக் ஓகோவர் என்ற நிலக்கிழாரும் அவர் மனைவி மேரியும் 1740 வாக்கில் செய்யச் சொன்ன செட் இதில் தனி ரகம். ஏனென்றால் அவர்கள் சீனாவுக்கு அனுப்பிய வண்ண ஓவியமும் குடும்பத்தில் பத்திரமாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். சுருள் சுருளான இலை வேலைப்பாடு, நடுவில் கேடயம், விளிம்பில் கணவன் மனைவி பெயரின் முதல் எழுத்துகள் பின்னிய முத்திரை, எல்லாமே காகிதத்தில் இருந்தபடியே தட்டில். நிழல் விழும் இடம்கூட மாறவில்லை. தட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு ஆனது. வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு வருஷச் சம்பளமே சில பவுண்டுகளாக இருந்த காலம் அது.

அச்சுப் படங்களும் இப்படியே போயின. கிரேக்கக் கதைகள், சிலுவையில் இயேசு, வேட்டைக் காட்சி, கப்பல் என எதைக் கொடுத்தாலும் வரைந்தார்கள். செப்புத் தகட்டு அச்சில் நிழலுக்காகப் போட்டிருக்கும் நுண்ணிய குறுக்குக் கோடுகளைக்கூட மயிர்த் தூரிகையால் கறுப்பில் இழுத்திருக்கிறார்கள். ஆனால் முகம் வரும்போது கை பழகிய பக்கம் போய்விடும். வீனஸ் தேவிக்குக் கண் மட்டும் ஜியாங்ஷிக் கண்ணாக இருக்கும். இதைத் தவறு என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எழுபது கைகளில் ஒரு கையாவது தன் அடையாளத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறதே.

இவ்வளவு சொன்னதால் கம்பெனிகள் பீங்கானில்தான் காசு பார்த்தன என்று நினைத்துவிடாதீர்கள். 18-ஆம் நூற்றாண்டில் அவர்கள் சீனாவுக்குப் போனதே தேயிலைக்காக. தேயிலை நனையக்கூடாது, வேறு வாசனை பிடிக்கக்கூடாது, எடையும் குறைவு. கப்பலின் அடித்தளத்திலோ எப்போதும் தண்ணீர் கசியும், கனமும் அங்கேதான் வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் சாயும். பீங்கான் நனைந்தால் ஒன்றும் ஆகாது, கனமும் உண்டு. ஆகவே பீங்கான் பெட்டிகளைத் தரை மாதிரி அடியில் பரப்பி, அதன் மேல் தேயிலைப் பெட்டிகளை அடுக்கினார்கள். ஐரோப்பியச் சீமாட்டிகள் அலமாரியில் வைத்துக் கொண்டாடிய சாமான், கப்பலைப் பொறுத்தவரை தேயிலைக்குப் போட்ட மணைப்பலகைதான்.

இதற்கு நேரடி சாட்சி 'கெல்டர்மால்சன்' என்ற டச்சுக் கப்பல். 1752 ஜனவரி 3-ஆம் தேதி தென்சீனக் கடலில் பாறையில் மோதி மூழ்கியது. 112 பேரில் 32 பேர்தான் பிழைத்தார்கள். கம்பெனியின் சரக்குப் பட்டியல் ஆவணக் காப்பகத்தில் அப்படியே இருக்கிறது. படித்தால் ஒரு ஐரோப்பிய நகரத்தின் அன்றாடமே தெரிகிறது: தேநீர்க் கோப்பை தட்டுடன் 63,000-க்கும் மேல், காபிக் கோப்பை 19,000-க்கும் மேல், முழுச் சாப்பாட்டு செட் 171, தேநீர்க் கூஜா 578, கூடவே வாந்தி எடுப்பதற்கான பாத்திரம் 606. மொத்தம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். அப்படியிருந்தும் கப்பல் சரக்கின் மதிப்பில் பீங்கான் சுமார் 5 சதவீதம்தான். தேயிலை கிட்டத்தட்ட ஏழு லட்சம் பவுண்டு எடை.

இந்தக் கப்பலின் மறுபிறவியையும் சொல்லியாக வேண்டும். 1985-இல் மைக்கேல் ஹேட்சர் என்ற புதையல் தேடுபவர் இதைக் கண்டுபிடித்தார். ஊறிய தேயிலை பெட்டிகளின் மேல் சேறாகப் படிந்திருந்ததால் கீழே இருந்த தட்டுகள் 230 வருஷம் கழித்தும் பளபளவென்று வெளியே வந்தன. 1986-இல் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டீஸ் நிறுவனம் 'நான்கிங் சரக்கு' என்று பெயர் வைத்து ஏலம் போட்டது, சுமார் ஒரு கோடி பவுண்டு வந்தது. சீன அரசு இரண்டு பீங்கான் நிபுணர்களை 30,000 டாலரோடு அனுப்பியது. அவர்களால் ஒரு துண்டுகூட வாங்க முடியவில்லை, விலை அப்படி ஏறிப்போனது. அடுத்த வருஷமே சீனா தன் கடலடித் தொல்லியல் பிரிவைத் தொடங்கியது. தோண்டிய முறை பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. எந்தப் பெட்டி எங்கே இருந்தது, எதோடு எது இருந்தது என்ற பதிவு சரியாக இல்லாமல் சாமான் மட்டும் மேலே வந்தது. ஆராய்ச்சிக்கு அது பெரிய இழப்பு.

சரி, ஏன் நின்றது? பலர் 'ஐரோப்பியர் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்' என்பார்கள். அது பாதி உண்மை. சாக்ஸனியின் அகுஸ்துஸ் அரசர் பீங்கான் பித்து பிடித்தவர். 1717-இல் தன் குதிரைப்படை வீரர்கள் 600 பேரைப் பிரஷ்ய அரசருக்குக் கொடுத்து 151 சீனப் பீங்கான்களை வாங்கினார். அவர் சேர்த்ததில் ஒரு பகுதியை இன்றும் டிரெஸ்டனில் பார்க்கலாம். அவர் பிடித்து அடைத்து வைத்திருந்த ரசவாதி பெட்கர்தான், தங்கம் செய்வதாகச் சொல்லி மாட்டிக்கொண்டு, 1708 வாக்கில் அசல் பீங்கானைச் செய்து காட்டியவர். 1710-இல் மைசன் தொழிற்சாலை வந்தது. ஆனால் அதன் பிறகு எண்பது வருஷம் சீனச் சரக்கு வந்துகொண்டேதான் இருந்தது, முன்னைவிட அதிகமாகவே. மைசன் பணக்காரருக்கு. சீனச் சரக்கு மலிவு. ரகசியம் தெரிந்தால் போதாது, விலையில் ஜெயிக்க வேண்டும்.

கம்பெனிகளுக்கே இந்த விலைக் கணக்கு அடிக்கடி உறைத்திருக்கிறது. 1734-இல் டச்சுக் கம்பெனி கோர்னெலிஸ் ப்ரோங்க் என்ற ஓவியரைச் சம்பளத்துக்கு அமர்த்திப் பீங்கானுக்கென்றே ஓவியங்கள் வரையச் சொன்னது. குடை பிடித்த பெண், மருத்துவர்கள் கூடிப் பேசும் காட்சி என்று அவர் வரைந்தவை இன்று ஏலத்தில் லட்சக்கணக்கில் போகின்றன. அன்றைக்குச் சீன வியாபாரிகள் கேட்ட விலையைப் பார்த்துக் கம்பெனி சில வருஷங்களிலேயே திட்டத்தைக் கைவிட்டது. சாதாரணத் தட்டை மொத்தமாக வாங்கி விற்பதில்தான் லாபம் என்று புரிந்துகொண்டார்கள்.

உண்மையான அடி இங்கிலாந்தின் ஸ்டஃபோர்ட்ஷயரிலிருந்து வந்தது. வெட்ஜ்வுட் போன்றவர்களின் பாலேட்டு நிறப் பாத்திரங்கள் பீங்கானே அல்ல, நல்ல மண் பாத்திரம். ஆனால் மெலிதானவை, சீரானவை, செட்டில் ஒன்று உடைந்தால் அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம், இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டாம். அப்புறம் செப்புத் தகட்டிலிருந்து படத்தைத் தட்டுக்கு மாற்றும் அச்சு முறை வந்ததும் கையால் வரைகிறவரின் கூலி எவ்வளவு குறைவாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லாமல் போனது. கூடவே இறக்குமதி வரி ஏறிக்கொண்டே போனது, லண்டன் பீங்கான் வியாபாரிகள் ஏலத்தில் கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்கினார்கள். 1791-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி பீங்கானை மொத்தமாக இறக்குவதை நிறுத்திக்கொண்டது. தனியார் கணக்கில் கொஞ்ச காலம் வந்தது. அமெரிக்கர்கள் 1784-இல்தான் கான்டனுக்குக் கப்பல் விட்டார்கள், அவர்களால் இன்னும் சில பத்தாண்டுகள் தொழில் ஓடியது. இதற்கு நடுவில் இங்கிலாந்திலேயே சீன பாணியில் ஒரு படம் கற்பனை செய்து அச்சடிக்கத் தொடங்கியிருந்தார்கள்: வில்லோ மரம், பாலத்தில் மூன்று பேர், மேலே இரண்டு புறா. அதற்கு ஒரு சோகமான காதல் கதையும் இங்கிலாந்திலேயே கட்டினார்கள். இன்றும் பலர் அதைப் பழைய சீனக் கதை என்று நம்புகிறார்கள்.

கடைசியாக, கடையில் பார்க்கும் தட்டு. முதலில் திருப்பிப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டுச் சீன ஏற்றுமதித் தட்டின் அடி வளையத்தில் மெருகு இருக்காது. அந்த இடத்தில் மண் மங்கிய வெள்ளையாகவும், ஓரத்தில் லேசான ஆரஞ்சு நிறம் ஏறியதாகவும் இருக்கும். அடியில் எந்த முத்திரையும் இல்லாமல் இருப்பதுதான் சகஜம், 'சீனாவில் தயாரித்தது' என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது மிகவும் பிந்தியது. மெருகில் சாம்பலோ நீலமோ கலந்த சாயல் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி மெல்லிய குழிகள் தெரியும். தங்கப் பூச்சு, கத்தி பட்ட இடம், அடுக்கி வைத்ததில் உரசிய இடம் ஆகியவற்றில் தேய்மானம் இருக்க வேண்டும். நடுவில் தேயாமல் விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் குலச்சின்னத் தட்டு என்றால் சாம்சன் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1845-இல் பாரிஸில் தொடங்கிய இந்தத் தொழிற்சாலை, அருங்காட்சியகச் சாமான்களைப் பார்த்து மறுபடி செய்து தருவதையே தொழிலாக வைத்திருந்தது. சீனக் குலச்சின்னத் தட்டுகளை அவர்கள் ஏராளமாகச் செய்தார்கள். தங்கள் முத்திரையும் போட்டார்கள், ஆனால் மெருகுக்கு மேலே போட்ட முத்திரையைப் பின்னால் வந்தவர்கள் சுரண்டி எடுத்துவிடலாம். அடியில் ஒரு சின்ன இடம் மட்டும் மங்கலாக, தேய்த்தது போல இருந்தால் அதுதான் காரணம். சாம்சன் மண் அசலைவிட ஒரே சீரான வெள்ளை, குலச்சின்னம் கொஞ்சம் அதிகமாகவே நேர்த்தி. விலை பேசுவதற்கு முன் அந்தச் சின்னம் எந்தக் குடும்பத்துடையது, எந்த ஆண்டில் யாரோடு யார் கல்யாணம் ஆனதால் இரண்டு சின்னங்கள் ஒரே கேடயத்தில் சேர்ந்தன என்று தேடிப் பாருங்கள். பிரிட்டிஷ் குடும்பங்களுக்கு இது நன்றாகவே பதிவாகியிருக்கிறது. கல்யாணம் 1760-இல், தட்டின் விளிம்பு அலங்காரம் 1730-களின் பாணியில் என்றால் கடைக்காரரிடம் விளக்கம் கேளுங்கள், பதில் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு பர்ஸை எடுங்கள்.